முன்சக்கரத்துக் கறை

"எவன்டா அவன்? தைரியம் இருந்தா என் கண் முன்னால வந்து பூசுடா, பார்க்கலாம்!"

காலங்காத்தாலே தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தார் அவள் கணவர். நேற்று முழுக்கக் குந்தியிருந்து பளபளவென்று தேய்த்து வைத்த கார் சக்கரத்தில், கறுப்பு எண்ணெயும் சேறும் அப்பிக் கிடந்தன. கொஞ்ச நாளாகவே இதே கூத்துதான்.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் செய்தித்தாளும் கையுமாக எட்டிப் பார்த்தார். "மறுபடியுமா சார்? ஒரு கவர் வாங்கி மூடி வைங்களேன்."

"மூடினா மட்டும்? கவரைத் தூக்கிட்டுப் பூசுவான் டாக்டர். அவ்வளவு திமிர்!"

உள்ளே படுக்கையில் கிடந்த அவள், கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். எவ்வளவு சோப்புப் போட்டும் நகக்கண்ணில் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

பூசியது அவள்தான்.

அது மகனுடைய கார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. கார் மட்டும் வாசலில் நின்றது. அன்றைக்கு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் அவர், பேச்சே அற்றுப்போய்விட்டார். நாத்தனார் கொடுத்தனுப்பும் சாப்பாடு தொடுவாரில்லாமல் ஆறிக் கிடக்கும்.

ஒருநாள் என்ன தோன்றியதோ, எழுந்து போய்ச் சக்கரத்தின் முன் குந்தினார். பிரேக் தூள் படிந்து படிந்து, அது அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி இருந்தது. "அவன் பார்த்தா திட்டுவானே" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

முதலில் சோப்புத் தண்ணீர். அடுத்து இரும்புத் தூளைக் கரைக்கிற மருந்து. தெளித்த இடமெல்லாம் ஊதா நிறத்தில் வழியும். வெயில் பட்டால் மருந்தே காய்ந்து கறையாகிவிடும் என்று நிழல் வரும்வரை காத்திருப்பார். தார்ப் புள்ளிக்கு மண்ணெண்ணெய், போல்ட் இடுக்குக்குப் பழைய டூத் பிரஷ், கடைசியில் பாலிஷ் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்ப்பு.

"என் பேஷன்ட் ஒருத்தர்கூட பிரஷ்ஷை இவ்வளவு ஒழுங்காப் பிடிக்கறதில்ல சார்" என்று டாக்டர் கிண்டல் செய்ததும் அவர் லேசாகச் சிரித்துவிட்டார். அன்று பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிடவும் செய்தார்.

நான்காவது சக்கரமும் பளிச்சென்று ஆனது. மறுநாள் மறுபடி நாற்காலிக்கே போய்விட்டார். பிள்ளையை வாரிக் கொடுத்தாயிற்று, இவரையும் கொடுத்துவிட்டு அவள் என்ன செய்வாள்?

அடுத்த நாள் விடிகிற நேரத்தில் கட்டிலை விட்டு இறங்கினாள். கால் தரையில் பட்டதும் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டே பின்கட்டு ஷெட்டுக்குப் போய், பழைய இன்ஜின் ஆயிலில் பூந்தொட்டி மண்ணைக் குழைத்து, முன்சக்கரத்தில் அப்பிவிட்டு வந்து படுத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் வாசலில் கத்தல் கேட்டது. அந்தத் திட்டு அவள் காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது!

இப்போது அவளும் கைதேர்ந்துவிட்டாள். இடுக்கில் அடைத்தால் அவருக்கு அரைநாள் ஓடும், உட்பக்கம் பூசினால் முழுநாளும் ஓடும். எதையும் பூட்டி வைக்கிற மனிதர், ஷெட்டை மட்டும் இப்போதெல்லாம் திறந்தே போட்டுவிடுகிறார். துக்கத்தில் மறதி வந்துவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவர் நிழலில் உட்கார்ந்து பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினாலும் படுக்கையறை ஜன்னல் வழியே அவளுக்கு நன்றாகவே கேட்டது.

"சார், எங்க வீட்டு வாசல்ல புதுசா கேமரா மாட்டியிருக்கேன். காலைல பூசினது யாருன்னு அதுல விழுந்திருக்கு."

தெரிந்துவிட்டால் இனி ஏன் துடைக்கப் போகிறார்? மறுபடி அந்த நாற்காலிதான். தட்டுத் தடுமாறி எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லவே சங்கடமா இருக்கு. வெளியாள் யாரும் இல்ல. உங்க வீட்டு அம்மாதான் சார்."

துணி தேய்க்கும் சத்தம் நின்றது. எல்லாம் போயிற்று என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தம் மறுபடி கேட்டது.

"தெரியும் டாக்டர். மெதுவாப் பேசுங்க, அவ காதுல விழுந்துடப் போகுது."

"தெரியுமா? அப்புறம் எதுக்கு சார் தினம் அந்தக் கத்து கத்தறீங்க?"

"பையன் போனதுல இருந்து அவ படுக்கையை விட்டு எழுந்திருக்கறதே இதுக்கு மட்டும்தான்."