யாழினியின் மஞ்சள் பால்

“பேட்டரி பட்டறைய விட்டு எத்தனை மாசம் ஆகுதுப்பா?” என்று டாக்டர் கேட்டார். அவர் கையில் யாழினியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தது.

“ஆறு மாசங்க. பொண்ணு ரத்தத்துல ஈயம் கலந்துகினு இருக்குன்னு சொன்ன அன்னிக்கே விட்டுட்டேன். இப்ப நிலக்கரி மைன்ஸ்ல கான்ட்ராக்ட் வேலைங்க,” என்றான் மருதமுத்து.

தன் முழுப்பெயரையும் எழுதிக்கொண்டிருந்த ஐந்து வயது மகள் இப்போது ‘யா’வோடு நின்றுவிடுகிறாள். அவன் சட்டையில் ஒட்டி வந்த ஈயம் அவள் மூளையைத் தின்கிறது என்றார்கள். வேலையை விட்டான். சட்டைகளைத் தூக்கி எறிந்தான். பட்டறைக்குப் பக்கத்தில் இருந்த வடக்குத்து வீட்டையே காலி செய்தான்.

“அப்புறம் எப்படி ரெண்டு மடங்கு ஏறியிருக்கு?”

“எங்களால ஆனதெல்லாம் செய்யறோங்க. மஞ்சள் ஈயத்த முறிக்கும், மூளையக் காப்பாத்தும்னு போன்ல பாத்து, ரெண்டு வேளையும் மஞ்சப் பால் குடுக்கறோம். தூள் மங்கலா இருந்தா தொடவே மாட்டேன். தங்கமாட்டம் ஜொலிக்கறதாப் பொறுக்கி வாங்கறேங்க.”

டாக்டர் சீட்டைக் கீழே வைத்தார்.

“அந்த ஜொலிப்புக்காகவே ஈயச் சாயம் ஏத்தி விக்கிறானுங்கப்பா. நீ பொறுக்கினது அதைத்தான்.”

அவன் வெளியே ஓடிவந்து மனைவிக்குப் போன் போட்டான்.

“கண்ணகி, அந்தப் பால...”

“கவலப்படாதீங்க. காலையில துப்பிட்டா. அதான் இப்ப இன்னொரு டம்ளர் காய்ச்சி, மூக்கப் புடிச்சிகினு ஊத்திட்டேன்.”