கொசு மருந்துக் கமிட்டி

நாட்டின் நுரையீரலும் நாட்டின் காய்ச்சலும் ஒரே தராசில் ஏறும்போது, அதைப் பிடிக்கும் கை நடுங்கக் கூடாது. கொசு மருந்துக் கமிட்டியின் தலைவர் வியாழக்கிழமைதோறும் இப்படிச் சொல்வார். சொல்லிவிட்டு டீயில் பிஸ்கட்டை நனைப்பார்.

கமிட்டிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், மருந்து அடிச்சா மூச்சிரைப்பு, அடிக்காட்டிக் காய்ச்சல். ரெண்டு பக்கத்துப் புள்ளிவிவரமும் மேஜை மேல இருக்கு. தடையா, அனுமதியா? இன்னிக்கே முடிச்சுடலாமே?"

தலைவரின் முகம் விழுந்துவிட்டது. "முடிச்சுட்டா கமிட்டியக் கலைச்சுடுவாங்களேம்மா..." என்றவர் சட்டென்று குரலை உயர்த்தினார். "அதாவது, பொதுமக்களோட உயிர் விஷயம்! அவசரம் கூடாது. அடுத்த வியாழன் பார்ப்போம்."

மற்ற ஆறு பேரும் மளமளவென்று தலையாட்டிவிட்டு எழுந்தார்கள்.

அறை காலியானதும் டாக்டரம்மா கிளார்க்கைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மருந்து போன வருஷம் எவ்வளவு வித்திருக்கு? கம்பெனிக் கடிதம் ஏதாவது இருக்கா?"

கிளார்க் பீரோவைத் திறக்காமல் சாவியையே உருட்டிக்கொண்டிருந்தார். "மேடம், சாரோட சம்சாரம் போய் அஞ்சு வருஷமாச்சு. பிள்ளைங்களும் இல்ல. வாரத்துல ஒரு நாள், இங்க வர்றதுக்காகத்தான் சவரமே பண்ணிக்கிறார்."

"நான் கேட்டது என்ன, நீங்க சொல்றது என்ன?"

வேறு வழியில்லாமல் கிளார்க் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அந்த மருந்தைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டோம் என்று கம்பெனி எழுதியிருந்தது. தேதி, நான்கு வருடத்துக்கு முந்தையது.

படித்ததற்கு அடையாளமாக, தலைவர் உட்பட ஏழு பேரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.