ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐநூற்றுப் பத்து

பஸ் டிரைவர் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றுமுன்பே, வண்டி மீட்டர் காட்டிய கிலோமீட்டரைச் சத்தமாகச் சொல்வார். நோயில் குரல் போய் உள்ளறையில் படுத்திருந்த மகள், அந்த எண்ணை எந்தெந்தப் பகா எண்கள் வகுக்கும் என்று சுவரில் தட்டிக் காட்டுவாள். தட்டி மாளாத பெரிய எண் வந்தால் உள்ளங்கையால் ஒரே அறை. ‘போங்கப்பா’ என்று அர்த்தம். எல்லாம் வகுபட்டு ஒன்று மிஞ்சியதும், கடைசியாக ஒரு தட்டு. அதோடு தூங்கிவிடுவாள்.

ஐந்து லட்சத்துப் பத்தாயிரத்து ஐநூற்றுப் பத்துக்காக இருவரும் காத்திருந்தார்கள். இரண்டிலிருந்து பதினேழு வரைக்கும் உள்ள எல்லாப் பகா எண்ணும் அதை வகுக்கும். மீட்டர் அங்கே வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

நேற்று ஷெட்டுக்குள் வந்தபோது அந்த எண்ணுக்கு ஒரு கிலோமீட்டர் குறைவாக இருந்தது. டிரைவர் இறங்காமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார்.

“என்னண்ணே, நிறுத்த இடமா இல்ல?” என்றார் காவலாளி.

வீட்டுக்கு வந்து, பழக்க தோஷத்தில் எண்ணைச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி அடுப்பை அணைத்தாள்.

பூட்டிக் கிடந்த உள்ளறையின் சுவரில் இரண்டு தட்டு கேட்டது. பிறகு மூன்று. ஐந்து. ஏழு. பதினொன்றுக்கு அப்புறம், அவள் எப்போதும் மூச்சு வாங்கும் இடைவெளி. பதின்மூன்று. பதினேழு.

“இன்னும் ஒண்ணு இருக்கு,” என்றார் டிரைவர்.

மனைவி போய்ச் சுவரில் கையை வைத்தாள்.

“வேணாம் கண்ணு. அது இருக்கட்டும்.”

வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு மனைவியின் உள்ளங்கைக்கு நேர் கீழே, மெதுவாக, ஒரு தட்டு விழுந்தது.