நான்காவது ஃபெண்டர்

ஃபெண்டரை இரண்டு கைகளாலும் தூக்கி, ஜீப்பின் சக்கர வளைவில் பொருத்திப் பிடித்தாள் தேவமலர்.

அகலமான கறுப்புப் பிளாஸ்டிக். பெரிய பாரமில்லை. ஆனால் ஒருவர் பிடிக்காமல் இன்னொருவரால் அதை மாட்ட முடியாது.

ஹரிதாஸ் டயருக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தான். அவன் கை மட்டும் வெளியே நீண்டது. அவன் கேட்காமலே, அவள் பத்தாம் நம்பர் ஸ்பேனரை அதில் வைத்தாள்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. புக்கிட் காத்தில் தாமான் குடியிருப்பின் தார்ச்சாலையிலிருந்து ஆவி எழுந்தது. எதிர்வரிசை வீடுகள் தரையைத் தொடாமல் நிற்பதுபோல் தெரிந்தன. எங்கோ ரொட்டிக்காரரின் ஹார்ன் ஒருமுறை ஒலித்து, பஞ்சுக்குள் போனதுபோல் அடங்கியது.

தேவமலர் தாதி. குவா மூசாங்கிற்கு அப்பால், காட்டோரத்துக் கிளினிக் ஒன்றுக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை புறப்பட வேண்டும்.

அங்கே மண்சாலைதான். அதற்காகப் பெரிய டயர் போட்டதில் சக்கரங்கள் பாடிக்கு வெளியே பிதுங்கி நின்றன. ஃபெண்டர் இல்லாமல் போனால் சேறெல்லாம் கண்ணாடியில் வந்து அடிக்கும் என்று ஹரிதாஸ் சொல்லியிருந்தான். தானே மாட்டித் தருவதாகவும் சொன்னான்.

மூன்று ஏறிவிட்டன. நான்காவதற்கு மட்டும் பாடியிலிருந்த பழைய துளைகள் பொருந்தவில்லை.

அவன் டிரில்லை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து குந்தினான். இருவர் தோளும் உரசின. யாரும் நகரவில்லை.

பிடித்திருந்த கைகள் மரத்துப்போக, அவளுக்குக் கண் செருகியது. சிவப்பு மண்ணும் பனிமூட்டமும் தெரிந்தன. மரங்களுக்கு நடுவே அவள் ஓட்டிக்கொண்டு போகிறாள். பக்கத்து இருக்கையில் யாரோ தூங்குகிறார்கள். திரும்பிப் பார்த்தால் கலைந்துவிடும்போல் இருந்தது.

"ஓட்டை போட்டா அப்புறம் ஒன்னும் செய்ய முடியாதுலா," என்றான் ஹரிதாஸ். "போடட்டுமா?"

அவள் கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் ஜீப்பின் பச்சைத் தகட்டையே பார்த்தாள்.

"போடுங்க."

தகட்டின் பொடி மினுமினுத்து அவள் பாதத்தில் உதிர்ந்தது.

துருப்பிடிக்காமல் இருக்கத் துளையின் ஓரத்தில் அவன் சாயம் தடவினான். அது காயும்வரை இருவரும் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தாமல் கியரிலேயே இறங்க வேண்டும் என்றான். ஆற்றைக் கடக்குமுன் இறங்கி நடந்து பார்க்க வேண்டும் என்றான். எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரியாதவள்போலக் கேட்டுக்கொண்டாள்.

சாயம் எப்போதோ காய்ந்திருந்தது. அதற்குப் பிறகும் இருவரும் எழவில்லை.

பிறகு அவள் ஃபெண்டரை மறுபடி தூக்கிப் பிடிக்க, அவன் எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் தளர்வாக மாட்டினான். ஒன்றை மட்டும் அவசரப்பட்டு இறுக்கினால் மற்றது சேராது. ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டு வந்தவன், கடைசிப் போல்ட்டில் நெடுநேரம் இருந்தான்.

அவள் பிடியை விட்டாள். ஃபெண்டர் தானாக நின்றது.

ஹரிதாஸ் எழுந்து, தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போக நடந்தான். கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு, அப்படியே நின்றான்.

"உள்ள வந்து கை கழுவிக்கலாமா, மலர்?"

அந்த வீட்டின் தரைக்கல்லைக் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தவன் அவன்தான். இருவருக்கும் விவாகரத்து ஆன பிறகு இன்றுதான் கேட்டைத் தாண்டி வந்திருக்கிறான்.

தேவமலர் அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது ஒரு கையில் குவளை போட்ட தண்ணீர் வாளி, மறுகையில் சோப்பு. வாசற்படியில் உட்கார்ந்து, கையை நீட்டச் சொன்னாள். அவன் எதிரே குந்தி நீட்டினான். குவளையில் மொண்டு மெதுவாக ஊற்றினாள்.

கிரீஸ் கலந்து கறுப்பாக ஓடிய தண்ணீர் பழுப்பானது. பிறகு வெறும் நுரை. பிறகு அதுவும் இல்லை.

கைகள் சுத்தமாகிவிட்டன. அவன் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் மறுபடி மொண்டாள்.