சிக்கல்

"கத்தரிக்கோலைக் குடுங்க, வெட்டித் தொலைக்கிறேன்" என்று பட்டப் போட்டிக்கு வந்திருந்த நர்ஸ் ஒருத்தி தன் கணவனிடம் சீறினாள். நேற்று அவன்தான் அவளுடைய பட்டத்தின் நான்கு நூல்களையும் கட்டையில் சுற்றாமல் பைக்குள் திணித்து வைத்தவன்; இப்போது நான்கும் சிக்கிக் கிடந்தன. போட்டியில் அவள் முறைக்கு இன்னும் பத்தே நிமிடம் இருந்தது.

"வெட்டாதீங்கம்மா. இது வெறும் முறுக்குதான், இழுத்தாத்தான் முடிச்சாகும்" என்றபடி நரைத்தாடிக்காரர் ஒருவர் தன் பட்டத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார். நூல்களின் கைப்பிடிகளைத் தரையில் குச்சியடித்து நிறுத்தினார். "நுனிகளைப் பட்டத்துலேருந்து கழட்டுங்க. ஒவ்வொரு நூலா விரலிடுக்குல விட்டு நடந்துகிட்டே போங்க."

மூன்று நூல்கள் பிரிந்துவிட்டன. ஒலிபெருக்கி யாரோ ஒருவரை மூன்றாம் முறையாக அழைத்தது.

"அந்த ஆள் வரலைன்னா அடுத்து நம்மளைக் கூப்பிட்டுடுவாங்களே!" என்று கணவன் பதறினான்.

"பாவி, எங்க போய்த் தொலைஞ்சானோ!" என்றாள் அவள்.

நான்காவது நூலும் பிரிந்தது. உடனே அவளை அழைத்தார்கள். நுனிகளை அவசரமாகப் பட்டத்தில் மாட்டியவள், "ரொம்ப நன்றிங்க. உங்க முறை எப்போ?" என்று கேட்டாள்.

அவர் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அந்தப் பாவி நான்தாம்மா. பாதியில விட்டுட்டுப் போக மனசு வரலை. ஓடுங்க, உங்களையும் மூணு தரம்தான் கூப்பிடுவாங்க."