தட்டினால் எரியும் டார்ச்

தோட்டத்து மோட்டார் கொட்டகையில் செவலைக் கோழி ஒன்பது முட்டைகளை அடைகாத்து வந்தது. பத்தாவதைப் பாம்பு விழுங்கிவிட்டது. மிச்சத்தையாவது காப்பாற்ற ஒரு டார்ச் வேண்டும். பலகையில் இரண்டு இருந்தன.

பளபளக்கும் புது டார்ச் தொண்டையைச் செருமியது. "தாய்மார்களே!"

"நான் ஒருத்திதான்யா இருக்கேன்."

"என் வெளிச்சம் ரெண்டு கிலோமீட்டர் போகும். மலை உச்சியையே காட்டுவேன்."

"மலையில எனக்கு முட்டை இல்லையே. பாம்பு காலடியிலதான் வருது."

"அதெல்லாம் சில்லறைப் பிரச்சினை, தாயே."

"சரி, நீ அணைஞ்சுபோனா?"

"கம்பெனிக்கு மனு எழுதிப் போடணும். முப்பது நாள்ல பதில் வரும்."

"இருபத்தோரு நாள்ல குஞ்சே பொரிஞ்சிரும்யா!"

கோழி, நசுங்கிய தகர டார்ச்சைப் பார்த்தது. "நீ எப்படி?"

"நாலு முழம் தெரியும், ஆத்தா. அடிக்கடி அணைவேன். மண்டையில ஒரு தட்டு தட்டினா எரிவேன்."

"அடி வாங்கித்தான் வேலை செய்வானாம்!" என்று புது டார்ச் சிரித்தது. "என்மேல ஒரு விரல் படட்டும், பார்க்கலாம்!"

அந்தப் பேச்சிலேயே கோழி முடிவெடுத்துவிட்டது. தகர டார்ச்சை உருட்டி வந்து முட்டைகளுக்கு அருகில் வைத்தது.

பொழுது சாய்ந்ததும் வைக்கோல் சரசரத்தது. சொல்லிவைத்தாற்போல் தகர டார்ச் அணைந்தது. கொத்திப் பார்த்த கோழி, கடைசியில் அதன் மண்டையில் ஓங்கிக் கொத்தியது. பளிச்சென்ற வெளிச்சத்தில் கண் கூசிய பாம்பு, வந்த வழியே நழுவி ஓடியது.

"கொஞ்சம் மெதுவாக் கொத்தக் கூடாதா, ஆத்தா?"

கோழி முட்டைகளை எண்ணிப் பார்த்தது. ஒன்பதும் இருந்தன.

"மெதுவாத்தான்யா ரெண்டு தடவை கொத்தினேன். உனக்குக் காதுலயே விழல."