திருப்பிப் போட்ட மிருதங்கம்

அறுபது வயதில் வாத்தியம் கற்க முடிவெடுத்த சௌந்திரவல்லி, வீணையையும் வயலினையும் ஒதுக்கிவிட்டு மிருதங்கத்தைத் தேர்ந்தெடுத்தாள். இடக்கைக்காரியான அவளுக்கு அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டாலே போதும். முதல் கச்சேரியன்றுதான் சிக்கல் வந்தது. கறுப்பு வட்டமுள்ள பக்கம் சபையைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு, பாடகரின் இருபுறமும் உட்காரும் அவளும் வயலின்காரரும் இடம் மாற வேண்டும். அவர் பெரிய வித்வான், மாற மாட்டேன் என்றுவிட்டார்.

"இந்தத் தடவை விட்டுக்குடுத்துடும்மா. கீழ உக்காந்து கேட்டா என்ன கொறஞ்சுபோகுது?" என்றான் மகன்.

"இடக்கையால சாப்பிட்டார்னு எங்கப்பாவைக் கல்யாணப் பந்தியிலேர்ந்து எழுப்பினாங்கடா. கையை மாத்திக்காம எழுந்து வந்தாரு. எங்க வம்சத்துல எழுந்து போறது அவரோட முடிஞ்சுது."

எல்லாருக்கும் முன்பாகவே மேடையேறி, வயலின்காரரின் இடத்தில் சம்மணமிட்டு முதுகை நிமிர்த்தி அமர்ந்தாள். மிருதங்கத்தைத் திருப்பிப் போட்டு, வலப்பக்கத் தோலில், கனத்த நாதத்துக்கான ரவைப் பசையை நிதானமாக அப்பினாள். வித்வான் பெட்டியோடு வந்து எதிரே நின்றார்.

"அம்மா, இது என் எடம்."

"அந்தப் பக்கம் ஜமக்காளம் விரிச்சிருக்கு, உக்காருங்க" என்றாள், பசையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் நின்றுகொண்டே இருந்தார். திரை விலகத் தொடங்கியது.